ரஸ்தோவ் ஏன் ஓடினான்?

டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலை டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் வாசித்த நண்பர்கள் பலரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். நடாஷாவின் முதல் நடனத்தை அவர்கள் மறப்பதில்லை. ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் அடிபட்டு விழுந்த ஆந்த்ரே அண்ணாந்து பார்த்த வானத்தையும் மறப்பதில்லை. ஆனால் ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு வரலாற்றையும் போரையும் பற்றி விவாதிக்கத் தொடங்கும் பக்கங்களை வேகமாகப் புரட்டிக் கடந்துவிடுகிறார்கள். முதல் வாசிப்பில் நானும் அப்படிக் கடந்தவன்தான். அந்தப் பக்கங்களுக்கு என்னைத் திரும்ப அழைத்துச் சென்றவை, கணினித் திரையில் சிவப்பும் நீலமுமாக ஊர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த சில புள்ளிகள்.

தரைப்போரைக் கணினியில் நிகழ்த்திப் பார்க்கும் மாதிரிகளில் ஒரு வகையைச் சேர்ந்தவை அப்புள்ளிகள். ராணுவ ஆய்வாளர்களுக்கு மட்டுமே உரியதாகத் தோன்றும் இந்த விஷயத்தில் இலக்கிய வாசகனுக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன். இவை கணக்கின் உடையை அணிந்துகொண்ட புனைவுகள் என்பதும், புனைவை வாசிக்கும் பயிற்சியோடுதான் இவற்றை அணுகவேண்டும் என்பதும் என் தரப்பு.

*

நாவலின் நான்காம் பாகத்தில் டால்ஸ்டாய் ஒரு சமன்பாட்டை எழுதுகிறார். 10 பேர் 15 பேரோடு மோதி அந்த 15 பேரையும் கொன்றோ சிறைப்பிடித்தோ வென்றுவிட்டார்கள், தம் பக்கத்தில் 4 பேரை இழந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு தரப்பின் 4 மறுதரப்பின் 15க்குச் சமம். 4 எக்ஸ் = 15 ஒய். எக்ஸின் மதிப்பு என்ன என்பதை இது சொல்லாது. எக்ஸுக்கும் ஒய்க்கும் உள்ள விகிதத்தை மட்டும் சொல்லும். படையின் வலிமை என்பது ஆள்தொகையை இந்த எக்ஸால் பெருக்கிவருவது என்கிறார் டால்ஸ்டாய். எக்ஸ் என்பது படையின் உள்ளம். போரிடவும் ஆபத்தை எதிர்கொள்ளவும் அந்த மனிதர்களுக்கு இருக்கும் விருப்பத்தின் அளவு.

மூன்றாம் பாகத்தில் இன்னும் துணிச்சலான ஒன்றைச் சொல்கிறார். வரலாற்றின் விதிகளை அறியவேண்டுமானால் மன்னர்களையும் தளபதிகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு, திரளான மனிதர்களின் மிகச்சிறிய விருப்பங்களை அலகாகக் கொள்ளவேண்டும். நுண்கணிதத்தில் செய்வதைப்போல அவற்றைத் தொகைப்படுத்தக் கற்கவேண்டும். செவஸ்தபோல் முற்றுகையின்போது பீரங்கிப்படையில் பணிபுரிந்த ஒருவர் 1860களில் எழுதியது இது. தளபதியின் திட்டம் ஓரிடத்திலும் போரின் நிகழ்வு வேறோரிடத்திலும் இருப்பதை நேரில் கண்டவர் அவர்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், மோட்டார் வாகனப் பொறியாளரான பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் போருக்கு முறையான சமன்பாடுகளை எழுதினார். 1914இல் கட்டுரைகளாக வந்தவை 1916இல் நூலாயின. ரஷ்யாவில் ஓசிபோவ் என்பவரும் தனித்து இதே முடிவுக்கு 1915இல் வந்திருந்தார். தூரத்திலிருந்து சுடும் ஆயுதங்கள் வந்தபிறகு, ஒரு படை அழியும் வேகம் எதிர்ப்படையில் அந்நேரம் உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பது லான்செஸ்டரின் அடிப்படை. இதிலிருந்து படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்பது கிடைக்கிறது. சமதிறனுள்ள 1000 பேரும் 500 பேரும் மோதி, 500 பேரும் அழியும்வரை சண்டை நடந்தால் மறுபக்கத்தில் எஞ்சுபவர்கள் 500 அல்ல, சுமார் 866 பேர். அந்த 866 பேர் மறுபடியும் புதிதாக 500 பேரைச் சந்தித்தால் 707 பேர் எஞ்சுவார்கள். ஆக, பகைவனைப் பிரித்து அடி என்ற பழைய போர்மொழிக்கு ஒரு கணித நிரூபணம் கிடைத்துவிட்டது. ஐவோ ஜிமா தீவில் 1945இல் நடந்த சண்டையின் இழப்புக் கணக்கோடு இச்சமன்பாடு நன்றாகவே ஒத்துப்போவதை ஜோசப் எங்கெல் 1954இல் காட்டினார்.

நேர்த்தியான கணக்குதான். ஆனால் இதில் யாரும் பயப்படுவதில்லை. யாரும் மரத்தின் பின்னால் ஒளிவதில்லை. நிலமே இல்லை. இரண்டு தொட்டிகளில் இருக்கும் நீர் ஒன்றையொன்று ஆவியாக்குவதுபோல இரண்டு எண்கள் குறைகின்றன. டால்ஸ்டாயின் எக்ஸ் இங்கே ஒரு மாறிலியாக, கொல்லும் திறனாகச் சுருங்கி நிற்கிறது.

*

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கடற்படை ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ இலாச்சின்ஸ்கி என்ற இயற்பியலாளர் இந்த இடத்தில்தான் அதிருப்தியடைந்தார். பறவைக்கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. ஒவ்வொரு பறவையும் பக்கத்துப் பறவையைப் பார்த்து மூன்றே விதிகளைக் கடைப்பிடித்தால் திரையில் உயிருள்ள கூட்டம் ஒன்று திரும்பிப் பறக்கும் என்று 1987இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் காட்டியிருந்தார். போரும் அப்படிப்பட்ட கூட்ட இயக்கமாக இருக்கலாமே என்பது இலாச்சின்ஸ்கியின் கேள்வி. அமெரிக்க மரைன் படைப்பிரிவின் ஆதரவுடன் அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் ஐசாக். அடுத்து வந்தது ஐன்ஸ்டைன். இரண்டும் நீண்ட ஆங்கிலத் தொடர்களின் சுருக்கங்கள்; நியூட்டனிலிருந்து ஐன்ஸ்டைனுக்குப் போகிறோம் என்ற குறும்பும் அவற்றில் உண்டு. 2004இல் 'செயற்கைப் போர்' என்ற பொருள்படும் தலைப்பில் இதைப் பெருநூலாகவே எழுதினார்.

இவற்றை முகவர் சார்ந்த மாதிரிகள் என்று தமிழில் சொல்லலாம். முகவர் என்றதும் ஆயுள் காப்பீடு விற்க வருபவர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்கமுடியாது. ஆனால் இங்கே முகவர் என்பது தன் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் ஒரு சிறிய நிரல். ஐசாக்கின் களம் ஒரு கட்டத்தாள். கட்டத்துக்கு ஒருவர். சிவப்புத் தரப்புக்கு ஒரு கொடி, நீலத் தரப்புக்கு ஒரு கொடி. ஒவ்வொரு முகவருக்கும் இவ்வளவு தூரம் பார்க்கலாம், இவ்வளவு தூரம் சுடலாம், இவ்வளவு தூரம் தோழர்களோடு தொடர்புகொள்ளலாம் என்று எல்லைகள் உண்டு. உயிரோடிருத்தல், காயம், மரணம் என மூன்று நிலைகள்.

இனி வருவதுதான் என்னைக் கவர்ந்தது. ஒவ்வொரு முகவருக்கும் ஓர் ஆளுமை உண்டு. உண்மையில் ஆளுமை என்ற சொல்லையேதான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அது ஆறு எண்களாலானது. நலமாயிருக்கும் தோழனிடம் ஈர்ப்பு, நலமாயிருக்கும் பகைவனிடம் ஈர்ப்பு, காயமுற்ற தோழனிடம் ஈர்ப்பு, காயமுற்ற பகைவனிடம் ஈர்ப்பு, தன் கொடியிடம் ஈர்ப்பு, பகைவன் கொடியிடம் ஈர்ப்பு. எண் எதிர்மறையானால் ஈர்ப்பு விலகலாகும். ஒவ்வொரு கணமும் முகவர் இந்த ஆறு இழுப்புகளையும் எடைபோட்டு அடுத்த கட்டத்தைத் தேர்கிறது. இவ்வளவு தோழர்கள் அருகில் இருந்தால் மட்டுமே முன்னேறு, இவ்வளவு பெரும்பான்மை இருந்தால் மட்டுமே மோது என்பதுபோன்ற சில மேல்விதிகளும் உண்டு. சுற்றிவளை என்றோ பக்கவாட்டில் தாக்கு என்றோ யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் திரையில் சிவப்புப் புள்ளிகள் நீலத்தைச் சுற்றிவளைக்கின்றன; பக்கவாட்டில் பாய்கின்றன; பின்வாங்கி மறுபடி திரள்கின்றன.

டால்ஸ்டாய் கேட்ட தொகைப்படுத்தல் இதுதானே! மன்னர்களும் தளபதிகளும் ஒதுக்கப்பட்டு, சிறு விருப்பங்கள் அலகாக்கப்பட்டு, அவற்றின் கூட்டிலிருந்து போர் எழுகிறது. எக்ஸ் ஒற்றை எண்ணாக இல்லாமல் ஆறு எண்களாக விரிந்திருக்கிறது.

நாவலாசிரியர்கள் அடிக்கடி சொல்வதுண்டு, தம் பாத்திரங்கள் தம் கையை மீறிச் சென்றுவிட்டன என்று. இலாச்சின்ஸ்கியும் அதையேதான் சொல்கிறார். விருப்பங்களைக் கொடுத்து பாத்திரங்களைக் களத்தில் இறக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்கள் இரு தரப்பினரும்.

*

பீட்டர் ஜாக்சன் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களை எடுத்தபோது ஆயிரக்கணக்கானோர் மோதும் காட்சிகளுக்காக ஸ்டீபன் ரெஜிலஸ் 'மாசிவ்' என்ற மென்பொருளை எழுதினார். அதுவும் முகவர் சார்ந்ததே. தொடக்கச் சோதனை ஒன்றில் சில வீரர்கள் சண்டையிடாமல் களத்தைவிட்டு ஓடினார்கள். 'கணினி வீரர்கள் போரின் மடமையை உணர்ந்து தப்பியோடினார்கள்' என்று அந்தச் செய்தி உலகமெங்கும் பரவியது. கேட்க இனிமையான கதை. ஆனால் ரெஜிலஸ் தந்த விளக்கம் மிகச் சாதாரணமானது. அந்த உருவங்களின் பார்வைக்குள் பகைவர் யாரும் வரவில்லை. எனவே முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே ஓடிக்கொண்டிருந்தன.

இதைப் படித்தபோது எனக்கு நிக்கோலாய் ரஸ்தோவ் நினைவுக்கு வந்தான். ஷோன்கிராபர்ன் சண்டையில் அவனுடைய குதிரை செத்து விழுகிறது. கை அடிபட்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அவனை நோக்கி ஓடிவருகிறார்கள். தன்னைக் கொல்லவா வருகிறார்கள் என்று அவனால் நம்பமுடியவில்லை. தாயும் குடும்பமும் நண்பர்களும் தன்னை எவ்வளவு நேசிக்கிறார்கள். அப்படிப்பட்ட தன்னைக் கொல்ல யாருக்காவது தோன்றுமா? கையிலிருந்த துப்பாக்கியைச் சுடுவதற்குப் பதிலாக வந்தவன்மேல் எறிந்துவிட்டு, நாய்களிடமிருந்து தப்பும் முயலைப்போல் புதர்களை நோக்கி ஓடுகிறான்.

கட்டத்தாளில் இந்த இரண்டு ஓட்டங்களும் ஒன்றே. பகைவனிடமிருந்து விலகும் ஒரு புள்ளி. பகைவன்மீதான ஈர்ப்புக்கு எதிர்மறை எண் இட்டால் ரஸ்தோவின் ஓட்டம் கிடைத்துவிடும். கிடைக்காதது அவன் ஓடிய காரணம். தன் வீட்டின் நேசத்தை நினைத்து ஒருவன் ஓடுவதற்கு, முதலில் அவனுக்கு ஒரு வீடு இருக்கவேண்டும். ஐசாக்கின் புள்ளிக்கு நேற்று என்பது இல்லை. அதனால்தான் அங்கே மரணம் என்பது ஒரு கழித்தல் கணக்கு.

அந்த ஆறு எண்களில் மூன்றாவதைப் பற்றி நான் பலநாள் யோசித்ததுண்டு. காயமுற்ற தோழனிடம் ஈர்ப்பு. அதைப் பூஜ்யமாக வைத்தால் படை விழுந்தவனைத் திரும்பிப் பாராமல் செல்லும். உயர்த்தினால் விழுந்தவனைச் சுற்றித் திரண்டு நிற்கும். கொடி எட்டாத் தொலைவிலேயே இருக்கும். போர் இலக்கியத்தின் பெரும்பகுதி இந்த ஒற்றை எண்ணுக்குள் நிகழ்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. நாவலாசிரியன் நூறு பக்கம் எழுதி அந்த எண்ணை நெருங்கப் பார்க்கிறான். ஆய்வாளர் அதைப் பெட்டியில் தட்டச்சு செய்கிறார். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அவர் தட்டச்சு செய்யும்போது ஓர் அறத் தேர்வையும் செய்கிறார் என்பதை அவரும் நாமும் மறந்துவிடக்கூடாது என்பதே என் கவலை.

*

மனிதர்களைப் புள்ளிகளாக்கிக் கொன்று பார்ப்பதே ஆபாசம், இதில் வாசிக்க என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரைபடத்தில் சிறு கட்டிகளை நகர்த்திப் பகடை உருட்டும் போராட்டத்தை ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி 1824இலேயே வகுத்துவிட்டார். போரை மாதிரியாக்காத ராணுவம் இருந்ததில்லை. மாதிரி தீட்டாதவர்கள்கூட மனத்துக்குள் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வெளியே எழுதிவைக்கப்பட்ட மாதிரியையாவது நாம் கேள்வி கேட்கலாம்.

இம்மாதிரிகள் கற்றுத்தரும் முக்கியமான பாடம் அடக்கம். லான்செஸ்டர் வகைச் சமன்பாட்டோடு, நிலைமை இவ்வளவு மோசமானால் துணைப்படையை அழை என்ற எளிய விதி ஒன்றைச் சேர்த்து ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் 1991இல் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆள்தொகையைக் கூட்டினால் வெற்றி தோல்வியாக மாறும் இடங்கள் அதில் வந்தன. கூடுதல் படை என்றால் கூடுதல் வெற்றி என்ற பொதுப்புத்தி அத்தனை எளிய மாதிரியிலேயே உடைந்தது. இலாச்சின்ஸ்கியும் தன் மென்பொருளைச் சிந்தனைக்கான ஆய்வுக்கூடமாகத்தான் முன்வைத்தார். எங்கே எப்போது யார் வெல்வார் என்று ஜோசியம் சொல்லும் கருவியாக அல்ல. மரைன் படைப்பிரிவின் 'ஆல்பர்ட்' திட்டத்தில் இத்தகைய மாதிரிகளை ஆயிரக்கணக்கான தடவை, ஒவ்வொரு தடவையும் எண்களைச் சற்றே மாற்றி ஓடவிட்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் தரவு வேளாண்மை. விளைச்சலில் அவர்கள் தேடியது சராசரியை மட்டும் அல்ல; எதிர்பாராத ஒற்றைக் கதிரையும்தான். ஒரு நல்ல சிறுகதை செய்வதும் இதுதான். இப்படித்தான் நடக்கும் என்று அது சொல்வதில்லை. இப்படியும் நடக்கலாம் என்கிறது.

ஆக, குறை ஆசிரியரிடம் இல்லை. பெரும்பாலும் வாசகரிடம் இருக்கிறது. அந்த வாசகர் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவராக இருப்பதுதான் சிக்கல்.

2002ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க ராணுவம் 'மில்லெனியம் சேலஞ்ச்' என்ற மாபெரும் போர்ப்பயிற்சியை நடத்தியது. செலவு சுமார் 25 கோடி டாலர். அது தூய முகவர் மாதிரி அல்ல. உண்மைப் படைகளும் கணினிப் படைகளும் கலந்த ஒன்று. பகைவன் பாத்திரத்தை ஏற்றவர் ஓய்வுபெற்ற மரைன் தளபதி பால் வான் ரைப்பர். அவர் வானொலியைத் தவிர்த்து மோட்டார் சைக்கிள் தூதர்கள்வழி ஆணையிட்டார். சிறு படகுகளையும் ஏவுகணைகளையும் ஒரே நேரத்தில் ஏவினார். நீலத் தரப்பின் 16 கப்பல்கள் கணக்கில் மூழ்கின. பயிற்சி நிறுத்தப்பட்டது. மூழ்கிய கப்பல்கள் மீண்டும் மிதக்கவைக்கப்பட்டன. விதிகள் இறுக்கப்பட்டன. இறுதியில் நீலம் வென்றது. வான் ரைப்பர் நடுவிலேயே தன் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். மீதி நாட்களின் பயிற்சி வீணாகிவிடக்கூடாதல்லவா என்று நடத்தியவர்கள் சொன்ன காரணத்திலும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் கதையின் முடிவு பிடிக்காதபோது பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தமக்குப் பிடித்த முடிவை எழுதிக்கொள்ளும் வாசகரை இங்கே காண்கிறோம். அடுத்த மார்ச்சில் இராக் படையெடுப்பு தொடங்கியது.

*

இன்னொரு சிக்கல், பாத்திரங்களுக்கு நாம் கொடுக்கும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது. இரண்டாம் உலகப்போரில் 100 அமெரிக்கக் காலாட்படை வீரர்களில் 15 முதல் 25 பேரே பகைவனை நோக்கிச் சுட்டார்கள் என்று எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947இல் எழுதினார். பல பத்தாண்டுகள் இது வேதவாக்காக இருந்தது. அதற்கு முறையான தரவு ஆதாரம் இருந்ததாகத் தெரியவில்லை என்று வரலாற்றாசிரியர் ரோஜர் ஸ்பில்லர் 1988இல் வாதிட்டார். விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு மனிதன் சுடுவானா மாட்டானா என்ற மிக அடிப்படையான எண்ணிலேயே இவ்வளவு சந்தேகம் இருக்கும்போது, காயமுற்ற தோழனிடம் அவனுக்குள்ள ஈர்ப்பை எந்த ஆவணத்திலிருந்து எடுப்பது?

மூன்றாவது சிக்கலே எனக்கு முதன்மையானது. ஐசாக்கின் களத்தில் இரண்டே நிறங்கள். கொடிக்கும் கொடிக்கும் நடுவில் கிடப்பது வெறும் கட்டம். அங்கே வயல் இல்லை, கிணறு இல்லை, குடியிருப்பவர்கள் இல்லை. பிந்தைய மாதிரிகளில், உதாரணமாக நியூசிலாந்து பாதுகாப்புத் துறையின் 'மானா'வில், நடுநிலையாளர் என்றொரு வகை உண்டு. ஆனால் நடுநிலையாளர் என்ற சொல்லே போரின் பக்கமிருந்து சூட்டப்பட்ட பெயர். போரதினோ களத்தில் வெள்ளைத் தொப்பியுடன் அலைந்த பியேரை நினைத்துப்பாருங்கள். அவன் யாரையும் வெல்ல வரவில்லை. குண்டுகளுக்கு நடுவே எல்லோருக்கும் இடைஞ்சலாக நிற்கிறான். எந்தப் போர்மாதிரியிலும் அவனுக்கு வேலை கிடையாது. சேர்த்தாலும் விடை மாறாது. ஆனால் அவன் இல்லையென்றால் அந்தப் போர் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிந்திருக்காது. விடையை மாற்றாதவற்றை விட்டுவிடுவது மாதிரியின் இலக்கணம். விடையை மாற்றாதவர்களுக்காக நிற்பது நாவலின் இலக்கணம்.

இப்போது புள்ளிகள் பேசவும் தொடங்கிவிட்டன. ஐந்து மொழி மாதிரிகளைக் கற்பனை நாடுகளின் தலைமையில் அமர்த்திப் பார்த்த ஆய்வொன்று 2024இல் வெளியானது. ஐந்துமே மோதலைத் தீவிரப்படுத்தும் போக்கைக் காட்டின. தம் முடிவுகளுக்குக் காரணங்களையும் சரளமான மொழியில் எழுதின. அது தரைப்போர் அல்ல, நாடுகளுக்கிடையிலான நெருக்கடி. ஆனால் போர்க்களத்தின் முகவர்களுக்கும் இந்த நாக்கு வெகுதூரத்தில் இல்லை. ஆறு எண்களைக் கொண்ட புள்ளியை யாரும் மனிதன் என்று மயங்கமாட்டார்கள். காரணம் சொல்லும் புள்ளியிடம் மயங்குவது எளிது. நாளை ஒரு புள்ளி, தாயை நினைத்துக்கொண்டு ஓடினேன் என்றுகூடச் சொல்லலாம். அப்போது ரஸ்தோவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கப்படும்.

வித்தியாசம் எழுதியவரிடம் இருக்கிறது என்பது என் பதில். ரஸ்தோவின் ஓட்டத்துக்கு டால்ஸ்டாய் பொறுப்பேற்கிறார். அந்தக் கோழைத்தனத்தை அவர் மன்னிக்கிறாரா, பழிக்கிறாரா என்று நாம் அவரோடு வாதாடலாம். கூட்டத்திலிருந்து தானாக எழுந்தது, எந்திரம் அப்படிச் சொன்னது என்னும்போது வாதாட ஆளில்லாமல் போகிறது. போரில் ஆளில்லாமல் போவது ஆபத்து. ஆகவே இம்மாதிரிகளை ஒதுக்கவேண்டாம், வாசிப்போம். எந்த நாவலைக் கையில் எடுத்தாலும் கேட்கும் கேள்விகளையே கேட்போம். இதை எழுதியவர் யார்? யாருடைய கண்வழியே பார்க்கிறோம்? யார் விடப்பட்டிருக்கிறார்கள்? மூன்றாவது எண்ணுக்கு என்ன மதிப்பு இட்டீர்கள், ஏன்?

அடுத்தமுறை 'போரும் வாழ்வும்' நாவலை எடுக்கும் நண்பர்கள் அந்தக் கட்டுரைப் பக்கங்களைத் தாண்டாமல் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சமன்பாட்டை எழுதியவரேதான் ரஸ்தோவையும் எழுதினார். எக்ஸின் மதிப்பைக் கணக்கால் மட்டும் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பியிருந்தால் அவ்வளவு பெரிய நாவலை அவர் எழுதியிருக்கவேண்டியதில்லை.